கல்லூரிக்கு கன்வர்டிபிள் லேப்டாப்: முதலில் பேனாவைப் பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சலிங் முடிந்து, கல்லூரியில் இடம் கிடைத்தவுடன் வீட்டில் எழும் அடுத்த கேள்வி லேப்டாப் பற்றியதாகத்தான் இருக்கிறது. அண்மைக் காலமாக என்னிடம் இது பற்றிக் கேட்பவர்களில் பலர், "திரையை அப்படியே பின்பக்கம் மடக்கி, சிலேட்டு மாதிரி வைத்து எழுதலாமாமே, அதை வாங்கலாமா?" என்கிறார்கள். அதுதான் கன்வர்டிபிள் லேப்டாப். டூ இன் ஒன் என்றும் கடைகளில் சொல்வார்கள்.

இந்த வகை லேப்டாப்பை நான் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நண்பர்கள், உறவினர்களின் பிள்ளைகளுக்காகக் கடைகளில் பல மாடல்களைத் தொட்டுப் பார்த்தும் இருக்கிறேன். எனவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்வர்டிபிளில் நீங்கள் கூடுதலாகத் தரும் பணம் பேனாவுக்கான பணம். பேனாவால் எழுத வேண்டிய படிப்பு என்றால் அந்தப் பணம் படிப்பு முடியும் வரை பயன் தரும். எழுதும் தேவையே இல்லை என்றால், அதே பணத்திற்கு இதைவிட வேகமான சாதாரண லேப்டாப் கிடைக்கும். திரை மடங்குகிறது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

இரண்டு வகைகள்

முதல் வகையில் திரையும் கீபோர்டும் பிரியாது. கீல் 360 டிகிரி சுற்றும். முழுவதும் மடக்கினால் கீபோர்ட் அடிப்பக்கம் போய்விடும். அப்போது கீகள் தானாகவே செயலிழந்துவிடும் என்பதால், கை பட்டாலும் எதுவும் டைப் ஆகாது. இரண்டாவது வகையில் கீபோர்டைத் தனியே கழற்றிவிடலாம். கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களும் திரைக்குப் பின்னாலேயே இருக்கும். அதனை நிறுத்தி வைக்கப் பின்புறம் ஒரு தாங்கி இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 2001 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த கம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் டேப்ளட் பி.சி.யைக் காட்டி, ஐந்து ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் மிக அதிகம் விரும்பப்படும் பி.சி. வகை இதுவாகத்தான் இருக்கும் என்றார். 2002 நவம்பர் 7 அன்று விண்டோஸ் எக்ஸ்பி டேப்ளட் பி.சி. எடிஷன் வெளியானது. ஏசர் நிறுவனத்தின் டிராவல்மேட் சி100 போன்ற, திரையைத் திருப்பி மடக்கும் லேப்டாப்கள் அப்போதே வந்தன. ஆனால் விலை அதிகம், எடை அதிகம், பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. கேட்ஸ் சொன்னது நடக்கவில்லை. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்து, லெனோவா யோகா போன்ற 360 டிகிரி மாடல்களும் மைக்ரோசாப்ட்டின் சர்பேஸும் கடைகளுக்கு வந்த பிறகுதான் இவை பரவலாயின.

இடையில் இதனை நம்பிப் பயன்படுத்திய இடம் கல்லூரி வகுப்பறை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம், 2006-ல் பொறியியல் பிரிவில் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் டேப்ளட் பி.சி. வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. சமன்பாட்டையும், சர்க்யூட் படத்தையும், கிராபையும் கீபோர்டில் வேகமாக டைப் செய்ய முடியாது. பேராசிரியர் போர்டில் எழுதும் வேகத்திற்கு ஈடு கொடுக்கக் கையால்தான் எழுத வேண்டும்.

உங்கள் படிப்புக்கு இது தேவையா?

கணிதம், இயற்பியல், வேதியியல் படிப்பவர்களுக்கு பேனா மிகவும் பயன்படும். இன்டக்ரேஷன் குறியையோ, பென்சீன் வளையத்தையோ டைப் செய்ய முயன்றவர்களுக்கு இது தெரியும். பொறியியலில் எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிகல் பிரிவினருக்கும் அப்படியே. மருத்துவம், நர்சிங், பார்மசி மாணவர்கள் பெரிய பெரிய பி.டி.எப். பைல்களில் கோடிட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி, படத்தில் பாகம் குறிக்க வேண்டியிருக்கும். இவர்களும் தயங்காமல் வாங்கலாம்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்களுக்கு கீபோர்டும் மெமரியும்தான் முக்கியம். முதல் இரண்டு வருடக் கணிதப் பாடங்களுக்கு பேனா உதவும் என்றாலும், அதற்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டுமா என்று யோசியுங்கள்.

மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சாலிட்வொர்க்ஸ் போன்ற முப்பரிமாண டிசைன் சாப்ட்வேர்களுக்கு தனி கிராபிக்ஸ் சிப் இருந்தால் நல்லது. பெரும்பாலான கன்வர்டிபிள்களில் அது இருக்காது. மெல்லிய உடலில் அந்தச் சூட்டை வெளியேற்ற இடம் இல்லை. இவர்களுக்கு, கனமாக இருந்தாலும், தனி கிராபிக்ஸ் உள்ள சாதாரண லேப்டாப்தான் சரி.

பி.காம்., சி.ஏ. படிப்பவர்களுக்கு டேலியும் எக்செலும்தான் தினசரி வேலை. வலது ஓரத்தில் எண்களுக்கான தனி கீபேட் இருந்தால் வேகம் கூடும். 14 அங்குல கன்வர்டிபிள்களில் பொதுவாக அது இருப்பதில்லை. இவர்கள் 15.6 அங்குல சாதாரண லேப்டாப் பக்கம் போவது நல்லது.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். "கையால் எழுதினால் மார்க் கூடும், ஆராய்ச்சியே இருக்கிறது" என்று கடையில் சொல்வார்கள். அந்த ஆராய்ச்சி 2014-ல் வந்தது. பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இருவர் செய்தது. லேப்டாப்பில் டைப் செய்தவர்கள் கேட்டதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை பதிவு செய்தார்கள் என்றும், புரிந்துகொண்டு பதில் எழுத வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முன்னே நின்றார்கள் என்றும் அவர்கள் கண்டார்கள். ஆனால் வேறு ஆய்வாளர்கள் 2019-லும் 2021-லும் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. எனவே மார்க்கை நம்பி வாங்காதீர்கள். உங்கள் பாடத்தில் எழுதியே தீர வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

டச் இருந்தால் பேனா இருக்கிறது என்று அர்த்தமல்ல

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

நண்பர் ஒருவரின் மகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் இடம் கிடைத்தது. சீட்டு எடுத்த பணத்தில் கன்வர்டிபிள் வாங்குவது என்று முடிவு செய்து என்னையும் கடைக்கு அழைத்தார்கள். விற்பனையாளர் ஒரு மாடலை மடக்கிக் காட்டினார். பார்க்க நன்றாகவே இருந்தது. "பேனாவால் எழுத முடியுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "புல் டச் ஸ்கிரீன்மா, எந்த பேனா வேணும்னாலும் வேலை செய்யும்" என்றார் அவர். ரப்பர் முனை வைத்த ஒரு குச்சியை எடுத்து, திரையில் பெரிதாக அவள் பெயரையும் எழுதிக் காட்டினார்.

நான் அந்த லேப்டாப்பில் செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம் பிரிவில் கடைசியாக இருக்கும் அபவுட் என்பதைக் கிளிக் செய்தேன். அங்கே கம்ப்யூட்டரின் பெயர், பிராசசர், ராம் அளவு ஆகியவற்றுக்குக் கீழே "பென் அண்ட் டச்" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே டச் சப்போர்ட் என்று மட்டும்தான் இருந்தது. பென் என்ற சொல்லே இல்லை. "இதுல எழுத முடியாதா அங்கிள்?" என்றாள் அவள். "விரலால எழுதுற மாதிரிதான்மா எழுத முடியும்" என்றேன். அன்று வாங்காமல் திரும்பி, அடுத்த வாரம் பேனா உள்ள வேறு மாடல் வாங்கினார்கள்.

இதன் காரணம் எளிதானது. சாதாரண டச் ஸ்கிரீன் விரல் நுனியை மட்டுமே உணரும். ரப்பர் குச்சி என்பது ஒரு செயற்கை விரல், அவ்வளவுதான். அதனால் சிறிய எழுத்து எழுத முடியாது. உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் அதையும் விரல் என்று எடுத்துக்கொண்டு கோடு போடும். உண்மையான பேனாவை உணர, திரையில் டிஜிட்டைசர் என்னும் அமைப்பு இருக்க வேண்டும். பேனா திரையைத் தொடுவதற்கு முன்பே அது அருகில் வந்ததை இந்த அமைப்பு உணர்ந்து, உள்ளங்கையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எவ்வளவு அழுத்தி எழுதுகிறீர்கள் என்பதையும் அறிந்து கோட்டைத் தடிமனாக்கும். இந்த டிஜிட்டைசரைப் பின்னால் வாங்கிப் பொருத்த முடியாது. வாங்கும்போதே இருக்க வேண்டும்.

ஆகவே கடையில் டெமோ லேப்டாப்பில் அபவுட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். "பென் அண்ட் டச் சப்போர்ட்" என்று இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

பேனாவில் எத்தனை வகை?

எல்லா பேனாவும் எல்லா லேப்டாப்பிலும் எழுதாது. இதுவும் பலருக்குத் தெரியாத விஷயம்.

ஜப்பானைச் சேர்ந்த வாகோம் நிறுவனத்தின் பழைய முறையில் பேனாவுக்குள் பேட்டரியே கிடையாது. திரைக்குப் பின்னால் உள்ள தகடு உண்டாக்கும் காந்தப் புலத்திலிருந்து பேனா தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்ளும். சாம்சங்கின் எஸ் பென்னும் இதே முறைதான். சார்ஜ் பற்றிய கவலை இல்லை.

மற்ற இரண்டு முறைகளில் பேனாவுக்குள் பேட்டரி வேண்டும். ஒன்று மைக்ரோசாப்ட் பென் புரோட்டோகால் என்பது, எம்.பி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மற்றொன்று வாகோமின் ஏ.இ.எஸ். முறை. ஒன்றுக்கான பேனா மற்றொன்றில் எழுதாது. இரண்டிலும் எழுதும் பேனாக்களும் சில கிடைக்கின்றன. ஐபேடுக்கான ஆப்பிள் பென்சில் விண்டோஸ் லேப்டாப்பில் வேலை செய்யாது. அண்ணனிடம் இருக்கிறது, தம்பி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

பேட்டரி உள்ள பேனா என்றால் அது எந்த பேட்டரி என்று கேளுங்கள். சில பேனாக்களில் நான்கு ஏ அளவுள்ள மெல்லிய செல் போட வேண்டும். டி.வி. ரிமோட்டில் போடும் மூன்று ஏ செல்லை விட அது ஒல்லியானது. பெட்டிக் கடையில் கிடைக்காது. சிறிய ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைப்பது அரிது. ஆன்லைனில் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். யு.எஸ்.பி. மூலம் சார்ஜ் ஆகும் பேனா என்றால் இந்தத் தொல்லை இல்லை.

பேனா பெட்டியிலேயே வருகிறதா, தனியே வாங்க வேண்டுமா என்பதையும் கேட்டு, விலையைக் கூட்டிப் பாருங்கள். லேப்டாப்பின் உடலிலேயே பேனாவைச் செருகி வைக்க இடம் இருந்தால் அது பெரிய வசதி. ஹாஸ்டலில் முதலில் தொலைவது பேனாதான்.

கடையில் செய்ய வேண்டிய ஐந்து சோதனைகள்

ஒரு ஸ்கேலும் ஒரு பழைய பாடப்புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், பணம் உங்களுடையது. டெமோ லேப்டாப்பில் பெயின்ட் அல்லது ஒன்நோட் திறந்து கொள்ளுங்கள்.

1. ஸ்கேலைத் திரையில் குறுக்காகச் சாய்த்து வைத்து, மிக மெதுவாக ஒரு கோடு போடுங்கள். கோடு நேராக வர வேண்டும். பாம்பு போல நெளிந்தால், சிறிய எழுத்துகளும் படங்களும் அப்படித்தான் நெளியும்.

2. உள்ளங்கையை நன்றாக ஊன்றி, புத்தகத்திலிருந்து அரைப் பக்கம் எழுதுங்கள். நடுவில் வேண்டாத புள்ளியோ கோடோ விழக் கூடாது. பக்கம் தானாக நகரக் கூடாது.

3. நோட்டில் எழுதும் அளவிற்குச் சிறியதாக எழுதிப் பாருங்கள். அடுக்குக் குறிகள், பின்னங்கள், தமிழில் சுழியும் கொம்பும் தெளிவாக விழுகின்றனவா என்று கவனியுங்கள்.

4. வேகமாகக் கிறுக்குங்கள். பேனா முனைக்கும் மைக்கும் இடையே எவ்வளவு பின்தங்கல் இருக்கிறது என்று தெரியும். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். எரிச்சலூட்டும் அளவுக்கு இருந்தால் வேண்டாம்.

5. திரையின் நான்கு ஓரங்களிலும் எழுதுங்கள். சில திரைகளில் நடுவில் சரியாக இருக்கும். ஓரத்தில் பேனா முனை ஓரிடம், மை விழுவது ஓரிடம் என்று இருக்கும்.

இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ் பிரிவில் பென் அண்ட் விண்டோஸ் இங்க் என்பதைத் திறந்து, எழுதும் கை இடது என்று மாற்றிய பிறகு சோதியுங்கள்.

4096 அழுத்த நிலைகள் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நோட்ஸ் எழுத 1024 நிலைகளே போதும். படம் வரைபவர்களுக்குத்தான் அதற்கு மேல் தேவை. மேற்சொன்ன ஐந்து சோதனைகளில் தேறாத பேனாவில் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

திரை எவ்வளவு பெரியது?

லேப்டாப் திரையைக் குறுக்களவில் அங்குலமாகச் சொல்வார்கள். எழுதுவதற்கு அந்த எண் மட்டும் போதாது. ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். திரையை நீளவாக்கில் நிறுத்தி இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 16:10 விகிதத்தில் உள்ள 14 அங்குலத் திரை ஏறக்குறைய 18.8 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் இருக்கும். ஏ4 தாளுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. 16:9 விகிதத்தில் உள்ள 13.3 அங்குலத் திரையோ 16.6 செ.மீ. அகலம்தான்; ஒல்லியாக, கடைப் பில் போல இருக்கும். 3:2 விகிதத்தில் 13 அங்குலத் திரை சுமார் 18.3 செ.மீ. அகலம், 27.5 செ.மீ. உயரம், இதுவும் எழுத வசதியானது.

15.6 அங்குலம் வாங்கினால் இன்னும் பெரிதாக இருக்குமே என்று தோன்றும். மடக்கிய பிறகு முழு எடையையும் கையிலோ மடியிலோ தாங்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். 14 அங்குல மாடல்கள் பொதுவாக ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும். அதற்கு மேல் போனால் டேப்ளட்டாகப் பயன்படுத்தும் ஆசையே போய்விடும்.

வகுப்பறைக்குப் பொருந்துமா?

நம் ஊர் வகுப்பறைகளை மனதில் வைத்து இந்தப் பகுதியைப் படியுங்கள்.

முதலில், கல்லூரியில் வகுப்பு நேரத்தில் லேப்டாப் பயன்படுத்த அனுமதி உண்டா? சில கல்லூரிகளில் லேபில் மட்டும்தான் அனுமதி. அங்கே படிக்கும் சீனியர் ஒருவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அனுமதி இல்லை என்றால், விடுதியில் பி.டி.எப். பார்க்கவும் கணக்குப் போடவும் மட்டுமே பேனா பயன்படும். அதற்கு இவ்வளவு பணம் தேவையா என்று மறுபடியும் யோசியுங்கள்.

இரண்டாவது, மேஜை. பல வகுப்பறைகளில் அகலம் குறைந்த பெஞ்சு டெஸ்க் இருக்கும். அல்லது கைப்பிடியோடு சேர்ந்த சிறிய எழுதும் பலகை உள்ள நாற்காலி இருக்கும். கீபோர்ட் கழலும் வகைக்குப் பின்புறத் தாங்கியை விரிக்க இடம் வேண்டும். எழுதும் பலகையில் அது நிற்காது. 360 டிகிரி வகையை மடக்கிப் படுக்க வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். அப்போது கீபோர்ட் மேஜையைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால், சாக்பீஸ் தூளையும் தண்ணீரையும் துடைத்துவிட்டு வையுங்கள்.

மூன்றாவது, கரண்ட். வகுப்பறையில் உங்கள் இடத்திற்கு அருகில் பிளக் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பேட்டரியின் அளவை வாட் அவர் கணக்கில் பாருங்கள். 50 வாட் அவர் பேட்டரி, சராசரியாக 8 வாட் செலவாகும் வேலைக்கு ஆறு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக வரும். திரை வெளிச்சம் கூடினால், இணையத்தில் வீடியோ ஓடினால் இது குறையும். பேட்டரியும் வருடா வருடம் தேயும். எனவே 50-க்குக் குறைவான வாட் அவர் உள்ளதைத் தவிருங்கள். டைப் சி முறையில் சார்ஜ் ஆவதாக இருந்தால், சார்ஜர் மறந்த நாளில் நண்பரின் சார்ஜர் உதவும்.

நான்காவது, கண்ணாடி. கன்வர்டிபிள் திரைகள் பெரும்பாலும் பளபளப்பானவை. மேலே உள்ள டியூப் லைட் அப்படியே திரையில் தெரியும். மேட் வகை ஸ்கிரீன் கார்டு ஒட்டினால் பிரதிபலிப்பு குறையும். பேனாவும் தாளில் எழுதுவது போல லேசாக உரசும். படத்தின் தெளிவு சற்றுக் குறையும்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்?

மெல்லிய கன்வர்டிபிள்களில் ராம் மெமரியை மதர் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். பிறகு கூட்ட முடியாது. எனவே கையைக் கடித்தாலும் 16 ஜி.பி. ஆகவே வாங்கிவிடுங்கள். 8 ஜி.பி. இன்று ஓடும், நான்காவது வருடம் புராஜக்ட் செய்யும்போது திணறும். ஸ்டோரேஜ் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும். பெரும்பாலான மாடல்களில் எஸ்.எஸ்.டி.யைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இ.எம்.எம்.சி. என்ற மெதுவான ஸ்டோரேஜ் 64 அல்லது 128 ஜி.பி. உள்ள மலிவு மாடல்கள் கல்லூரிக்கு வேண்டாம்.

பிராசசரில் இன்டெல் கோர் ஐ5, கோர் 5, கோர் அல்ட்ரா 5 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 5 என்ற நடுத்தர வரிசை போதுமானது. ஸ்நாப்டிராகன் பிராசசர் உள்ள விண்டோஸ் லேப்டாப்கள் பேட்டரியில் நன்றாக உழைக்கும். ஆனால் லேபில் உள்ள கருவிகளுடன் இணைக்கும் சில பழைய டிரைவர்கள் அதில் ஏறாது. கல்லூரி தரும் சாப்ட்வேர் பட்டியலைச் சரி பார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

விழுந்தால் என்ன செலவு?

கன்வர்டிபிளில் திரை, டச், டிஜிட்டைசர் மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி மட்டும் உடைந்தாலும் பெரும்பாலும் முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும். செலவு சாதாரண லேப்டாப் திரையை விட மிக அதிகம். வாங்கும் முன்பே நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, அந்த மாடலின் திரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அந்தத் தொகையைக் கேட்ட பிறகு, கீழே விழுந்தாலும் ஈடு தரும் ஆக்சிடென்டல் டேமேஜ் திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சாதாரண வாரன்ட்டியில் விழுந்து உடைவது சேராது.

சர்வீஸ் சென்டர் உங்கள் சொந்த ஊரில் இருப்பதை விட, கல்லூரி இருக்கும் ஊரில் இருப்பது முக்கியம். பரீட்சை நேரத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. ஆட்கள் இடத்திற்கே வந்து சரி செய்யும் ஆன்சைட் வாரன்ட்டி என்றால் இன்னும் நல்லது.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்ட லெனோவா திங்க்பேட் எக்ஸ்1 யோகா, எச்.பி. எலைட்புக் எக்ஸ்360 போன்ற மாடல்கள் சில வருடம் ஓடிய பிறகு, புதுப்பிக்கப்பட்ட நிலையில் விற்பனைக்கு வருகின்றன. உடலும் கீலும் உறுதியானவை. பட்ஜெட் குறைவாக இருந்தால் பார்க்கலாம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. இன்டெல் பிராசசர் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அதற்கு முந்தையவற்றில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அடுத்து, விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெபாசிட்டி, புல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதியாக இருந்தால், புது பேட்டரிக்கான பணத்தை விலையில் கழித்துக் கேளுங்கள். எழுதிப் பார்க்காமல் ஆன்லைனில் மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால், திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள்.

பணம் போதவில்லை என்றால்

மனம் தளர வேண்டாம். சாதாரண லேப்டாப்புடன் யு.எஸ்.பி.யில் இணைக்கும் பென் டேப்ளட் ஒன்றை வாங்கலாம். சில ஆயிரம் ரூபாய்க்குள் நல்லது கிடைக்கும். மேஜையில் உள்ள பலகையில் எழுதினால் திரையில் விழும். கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து எழுதப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். வகுப்பறைக்குச் சரி வராது. வீட்டில், விடுதியில் கணக்குப் போடவும் படம் வரையவும் தாராளமாகப் போதும்.

இன்னொரு வழி, பேனாவுடன் வரும் ஆண்ட்ராய்டு டேப்ளட் ஒன்றும், நடுத்தர லேப்டாப் ஒன்றும். வகுப்புக்கு லேசான டேப்ளட், அறையில் லேப்டாப். இரண்டையும் சார்ஜ் செய்ய வேண்டும். ஆனால் ஒன்று ரிப்பேர் ஆனாலும் மற்றது கையில் இருக்கும். கன்வர்டிபிள் சர்வீஸுக்குப் போனால் நோட்டும் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் போய்விடும்.

எழுதியதைக் காப்பாற்றுங்கள்

நோட்ஸ் எழுத ஒன்நோட் இலவசம். பி.டி.எப். மேல் எழுத ஜர்னல் பிளஸ் பிளஸ் என்ற இலவச சாப்ட்வேர் நன்றாக இருக்கிறது. கையெழுத்தைக் கையெழுத்தாகவே சேமிப்பதால் தமிழிலும் தடையின்றி எழுதலாம். எந்த பாண்டும் தேவையில்லை. மைக்ரோசாப்ட் கணக்கில் 5 ஜி.பி. ஒன்டிரைவ் இடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நோட்ஸ் சேர்ந்துவிடும். அதோடு விடாமல், வாரம் ஒரு முறை பாடவாரியாக பி.டி.எப். ஆக மாற்றி ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். ஒரு செமஸ்டர் உழைப்பு ஒரே லேப்டாப்பில் மட்டும் இருக்கக் கூடாது.

நம் பல்கலைக்கழகத் தேர்வுகளைத் தாளில், பேனா பிடித்து மூன்று மணி நேரம் எழுத வேண்டியிருக்கிறது. நான்கு வருடம் டைப் மட்டுமே செய்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்தால் கை வலிக்கும். திரையில் எழுதினாலும் எழுதும் பழக்கம் விட்டுப் போகாது என்பது கன்வர்டிபிளின் ஒரு நன்மை. ஆனாலும் பரீட்சைக்கு முன் சில வாரங்கள் தாளிலேயே எழுதிப் பழகுங்கள். கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போவதும் தாளில் அழுத்தி எழுதுவதும் ஒன்றல்ல.

கடைக்குக் கிளம்பும் முன்

இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

* வகுப்பில் லேப்டாப் அனுமதி உண்டா? சீனியரிடம் கேட்டாயிற்றா?
* துறை கேட்கும் சாப்ட்வேர் பட்டியல் கையில் இருக்கிறதா?
* அபவுட் பக்கத்தில் பென் அண்ட் டச் சப்போர்ட் இருக்கிறதா?
* பேனா பெட்டியில் வருகிறதா? எந்த முறை, எந்த பேட்டரி?
* ஐந்து எழுத்துச் சோதனைகளும் செய்தாயிற்றா?
* 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 50 வாட் அவர் பேட்டரி, ஒன்றரைக் கிலோ எடை சரியா?
* திரை மாற்றும் செலவு எவ்வளவு? சர்வீஸ் சென்டர் எந்த ஊரில்?

முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் கடைக்குப் போக வேண்டாம். மூன்றாவதற்கு இல்லை என்று விடை வந்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் எழுதுவதற்காக அதனை வாங்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்துவிட்டால் தைரியமாக வாங்குங்கள். வாங்கிய முதல் வாரத்தில் எல்லாப் பாடத்தையும் அதில் மாற்ற அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு பாடத்திற்கு மட்டும் நோட்டுக்குப் பதிலாக அதில் எழுதிப் பாருங்கள். ஒரு மாதத்தில் கை பழகிவிடும். பிறகு மற்றப் பாடங்களும் தாமாகவே அதில் வந்து சேரும்.